பண்டிகை நாளில் பருப்பு

"இத்தனை வாரம் விரதம் இருந்துட்டு, ஈஸ்டர் அன்னைக்கும் பருப்புதானாடா உனக்கு?"

மாமித்தே கொண்டுவந்த கூடையை நடுவீட்டில் வைத்தாள். உள்ளே, இலையில் பொதிந்த வெண்ணெய். பக்கத்தில், காலைக் கட்டிப் போட்ட சேவல் ஒன்று தன்னைப் பற்றிய பேச்சைக் கேட்டபடி கிடந்தது. விடியும் முன்பே கிராமத்தில் பஸ் ஏறி, தெஸ்ஸி நகரத்தில் இருக்கும் தம்பி வீட்டில் காரசாரமாகக் கோழிக்குழம்பு சாப்பிடலாம் என்று வந்தவள் அவள். முன்னால், புளித்த மாவில் சுட்ட இஞ்சேரா அப்பத்தின் மேல் பருப்பையும் கீரையையும் பரப்பி வைத்தால் கோபம் வராதா?

"மூட்டு வாதம் அக்கா." தம்பி வொர்கு சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து உட்கார்ந்தான். "காலையில எழுந்தா மூட்டெல்லாம் வீங்கி, இறுகிக் கிடக்குது. விரதத்துல இறைச்சி, பால், வெண்ணெய் எதையும் தொடலையா, வீக்கம் கொஞ்சம் வடிஞ்சுது. டாக்டர்கிட்ட சொன்னேன். 'எல்லாருக்கும் இப்படி ஆகாது, ஒத்துக்கிட்டா இப்படியே சாப்பிடுங்க, ஆனா மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க'ன்னார்."

மாமித்தே வந்த காரியமே வேறு. அவள் இடுப்பு முடிச்சில் அம்மாவின் வெள்ளி மோதிரம் இருந்தது. 'அந்தப் பொண்ணு என் பிள்ளையை நல்லா வச்சிருந்தா இதைப் போட்டுவிடு. இல்லேன்னா மோதிரத்தையும் கொண்டா, அவனையும் கையோட கூட்டிட்டு வா' என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

அம்மாவின் கோபத்துக்குக் காரணம் உண்டு. போன கிறிஸ்துமஸுக்குக் கிராமத்துக்கு வந்திருந்த மருமகள் பிர்கே, கோழியை வெட்டச் சொன்னபோது தலைவலி என்று நழுவிவிட்டாள். கோழியைச் சரியாகப் பன்னிரண்டு துண்டாக வெட்டத் தெரியாதவளை அந்த ஊரில் மருமகள் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள்.

"சரி, அவனுக்குத்தானே ஆகாது? உனக்கு மட்டும் ஒரு கோழி அடிச்சுக் குழம்பு வச்சுக்கலாமே பிர்கே?"

மேல்துணிக்குள் கைகளைப் புதைத்தபடி உட்கார்ந்திருந்த பிர்கே நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரே தட்டுல சாப்பிடறோம் அண்ணி. நடுவுல கோடா போட முடியும்?"

நல்ல நாளும் அதுவுமாக வாய்க்கு ருசியாக ஒரு வாய் சாப்பிடாமல், புருஷனோடு சேர்ந்து பருப்பைத் தின்னும் பெண்! மாமித்தே தன் புருஷனுக்காக ஒரு நாள் வெண்ணெயை விட்டதுண்டா? நினைத்துப் பார்த்தபோது அவளுக்கே கூச்சமாக இருந்தது.

சாப்பிட ஆரம்பித்தார்கள். வொர்கு இஞ்சேராவைப் பிய்த்து, பருப்போடு சுருட்டி, மனைவியின் வாயில் ஊட்டினான். விருந்தில் ஒரு வாய் ஊட்டிவிடுவது அந்த ஊர் மரியாதைதான். இவன் நிறுத்துவதாகவே இல்லை.

"ஏண்டா, நேத்துதான் கல்யாணம் ஆச்சா? அவளுக்கென்ன, கை இல்லையா?"

பிர்கே தலையைக் குனிந்துகொண்டாள். வொர்கு சிரித்து மழுப்பினான்.

"பருப்பு நல்லாத்தான் இருக்கு. வெங்காயம்தான், கழுதைக்கு நறுக்கிப் போட்ட மாதிரி பெருசு பெருசா கிடக்கு."

"அவ்வளவு பெருசாவா இருக்கு?" வொர்குவின் முகம் வாடிவிட்டது.

"உன் பெண்டாட்டி சமையலைச் சொன்னா உனக்கு ஏண்டா ரோஷம் வருது?"

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் மாமித்தே இடுப்பு முடிச்சை அவிழ்த்தாள். மனசு நிறைந்திருந்தது.

"அம்மா கிடக்கறாங்க. கோழி வெட்ட ஊர்ல எத்தனையோ பேர் இருக்காங்க. நோயாளிக்காக நாக்கைக் கட்டிக்கிட்டு இருக்கறவங்களை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன். கையை நீட்டும்மா."

"வேண்டாம் அண்ணி. அப்புறம் பாத்துக்கலாம்."

"என்ன வெக்கம் என்கிட்ட?" மேல்துணிக்குள் கைவிட்டு, அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

பிர்கே வீரிட்டாள்.

"விடு அக்கா! அவளுக்கு வலிக்கும்!" சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்க முடியாத வொர்கு, தட்டையும் சேவலையும் ஒரே தாவலில் தாண்டி வந்து நின்றான்.

மாமித்தேயின் உள்ளங்கையில் கிடந்த விரல்கள் காய்ச்சல் கண்டதுபோலச் சுட்டன. கணுக்கள் ஒவ்வொன்றும் பூண்டு போலப் புடைத்திருந்தன. எந்த விரலிலும் அந்த மோதிரம் ஏறாது. அவள் அந்த விரல்களைப் பார்த்தாள். பிறகு தம்பியின் கால்களைப் பார்த்தாள்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சா இவளை விட்டுட்டு வான்னு சொல்லிடுவாங்க அக்கா" என்றான் வொர்கு.

பிர்கேயின் கழுத்தில் ஞானஸ்நானத்தன்று கட்டிய கறுப்புக் கயிறு இருந்தது. மாமித்தே அதை அவிழ்த்து, மோதிரத்தைக் கோத்து, மறுபடியும் கழுத்தில் கட்டிவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"ஊருக்காக நொண்டினது போதும். முதல்ல வெங்காயத்தைப் பொடியா நறுக்கக் கத்துக்கடா."