மங்காத கறை

கறையைக் காணோம்.

வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த வெள்ளைக் கோட்டை மருமகள் மூன்று தடவை உதறிப் பார்த்தாள். மார்புப் பையின் மேல் வெறும் துணிதான் இருந்தது.

கூட வந்த இரண்டு கோட்டுகள் அவளுடையவை. ஆஸ்பத்திரி லேபில் போட்டுக்கொள்பவை. இது மாமனாருடையது. இஸ்திரி போடத்தான் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தாள். இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு வந்த அசதியில், நாற்காலியில் கிடந்த வெள்ளையையெல்லாம் ஒன்றாக வாரி மெஷினில் போட்டுவிட்டாள்.

நாற்பத்தோரு வருஷத்துக்கு முன், ஊரே காய்ச்சலில் விழுந்து கிடந்த காலம். பெரிய டாக்டரான மாமனார் கடைசி நோயாளிக்கு மருந்துச் சீட்டு எழுதிவிட்டு, பேனாவைப் பையில் செருகிக்கொண்டு, மேஜைமேல் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அந்தப் பேனாவிலிருந்து கசிந்த மை அது.

அந்தக் குடும்பத்துக்குச் சொத்தென்று வேறெதுவும் கிடையாது. கறை இருந்தது. வருஷம் ஒருநாள், அவர் நினைவு நாளில், உறவெல்லாம் கூடி, ஒவ்வொருவராக அதை விரலால் தொட்டுவிட்டு, பேசாமல் நகர்வார்கள்.

துணி பழுத்து மஞ்சளாகிவிட்டது. கறை மட்டும் மங்கவே இல்லை. பெரியவர் மனசு அப்படி என்பார்கள்.

அப்படிப்பட்ட கறை ஒரே துவைப்பில் போய்விட்டது. சோப்புக் கம்பெனிக்காரன் கேட்டால் விளம்பரத்தில் போட்டுவிடுவான்.

நாலு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்கள் வந்துவிடுவார்கள். இனி கோட்டு அங்கே, முன்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில்.

அடுத்த அறையில் அவள் கணவர் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் தந்தையிடம் இருந்தது ஒரே ஒரு கோட்டு! ஒன்றே ஒன்று!”

குரல் தழுதழுக்க வேண்டிய இடம் அது. தழுதழுக்கவில்லை. மறுபடி ஆரம்பித்தார்.

அவள் கதவைச் சாத்தினாள். மகளின் மேஜையிலிருந்து மைப்புட்டியை எடுத்து வந்தாள். சொட்டுக்குழாயில் மையை உறிஞ்சினாள். லேபில் ஆயிரம் பேர் ரத்தத்தைச் சொட்டுவிட்ட கை, இப்போது பையின் மேல் இடம் தேடியது.

எவ்வளவு பெரிய கறை? புளியங்கொட்டை அளவா, அவரை இலை அளவா? இருபது வருஷமாகத் தொட்ட விரலுக்கு ஞாபகமில்லை.

கதவு திறந்தது.

மாமியார்.

எண்பத்திரண்டு வயதிலும் நாற்காலியில் முதுகு சாய்க்காதவர். மகன் சட்டையில் ஒரு பித்தான் தளர்ந்திருந்தாலே குடும்ப மானம் போச்சு என்பவர். பெட்டிச் சாவி எப்போதும் அவர் இடுப்பில்தான். நினைவு நாளுக்கு முந்தின நாள், கதவைத் தாழிட்டுக்கொண்டு அவரேதான் கோட்டை எடுத்து வைப்பார். இந்த வருஷம் கண் ஆபரேஷன் என்பதால்தான் சாவி கைமாறியது.

அவர் கோட்டைப் பார்த்தார். சொட்டுக்குழாயைப் பார்த்தார்.

“அத்தை, தெரியாம...” இருபது வருஷத்தில் வாங்காத பேச்சையெல்லாம் இன்று வாங்கப்போகிறோம் என்று நின்றாள்.

மாமியார் கதவைத் தாழிட்டார். கோட்டருகே குனிந்து, பையின் மேல் இரண்டு விரலை வைத்து அளந்தார்.

“அங்க இல்லம்மா, இன்னும் கொஞ்சம் கீழே. அப்புறம் இந்த மை வேண்டாம், ரொம்பக் கறுப்பு. என் அலமாரியில, போர்வைக்கு அடியில ஒரு புட்டி இருக்கு பாரு.”

அவள் சொட்டுக்குழாயைக் கீழே வைத்தாள்.

“வருஷா வருஷம் நான்தான்” என்றார் மாமியார். ஏதோ தினசரி வீட்டு வேலையைச் சொல்வதுபோல் இருந்தது.

“அப்போ மாமாவோட கறை?”

அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகு நிமிர்ந்தேதான் இருந்தது. ஆனால் குரல் தளர்ந்துவிட்டது.

“அன்னைக்கு அவரைக் கொண்டுவந்து படுக்க வெச்சாங்க. கோட்டைக் கழட்டிக் கையில குடுத்தாங்க. பார்த்தா பை முழுக்க மை. உடனே ஊறவெச்சு, தேய் தேய்னு தேய்ச்சுக் கொடியில போட்டுட்டேன்.”

சுவருக்கு அப்பால் மகனின் பேச்சு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மாமியார் கோட்டின் காலரை நீவிவிட்டார்.

“இருந்தது ஒண்ணே ஒண்ணு. விடிஞ்சா எதைப் போட்டுட்டுப் போவாரு?”