ஒண்ணு குறையுது

"குழந்தைங்க எத்தனைங்க?"

வீட்டுக்காரர் தம்பிதுரை கேட்டதும் ரூபினா புருஷன் சாஜித்தைத் திரும்பிப் பார்த்தாள். பேரைச் சொன்னபோதுகூட முகம் சுருங்காத மனுஷன், இப்போது கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கிறாரே!

உடுமலைப்பேட்டையில் மூணு மாசமாக ஏறி இறங்காத வீடில்லை. "மூணு குழந்தையா? செவுத்தைக் கிறுக்கிப்போடும், தண்ணி பத்தாது" என்று ஒன்பது வீட்டுக்காரர்கள் கையை விரித்தாச்சு. இருக்கிற வீட்டையோ ஒண்ணாம் தேதி காலி பண்ணியாக வேண்டும். கடைசியில் டவுனைத் தாண்டி எட்டு கிலோமீட்டர் வந்து, இந்தச் சின்ன ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டைக் கேட்டு நிற்கிறார்கள்.

அதனால் இந்தத் தடவை ஒரு தில்லுமுல்லு. பள்ளிக்கூடம் விட்டதும் அப்படியே அள்ளிக்கொண்டு வந்த மூணையும், சாஜித் ஓட்டுகிற குட்டியானை வண்டியிலேயே தெருமுனையில் உட்கார வைத்துவிட்டார்கள். சத்தம் வந்தால் ஐஸ்கிரீம் கிடையாது!

"குழந்தையே இல்லீங்க" என்றான் சாஜித்.

தம்பிதுரையின் முகம் தொங்கிப்போனது. "கண்ணாலம் ஆயி?"

"பத்து வருசமுங்க."

"அடப் பாவமே!" என்று உள்ளேயிருந்து ஓடி வந்தாள் அவர் சம்சாரம் நஞ்சம்மாள். "கவலப்படாதே அம்மணி, பொள்ளாச்சியில ஒரு டாக்டரம்மா இருக்குது. நல்ல கைராசி!"

ரூபினாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நஞ்சம்மாள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. ஊடு உங்களுக்குத் தோதுப்படாதுங்க" என்றார் தம்பிதுரை.

பிள்ளை இருந்தாலும் வீடில்லை, இல்லாவிட்டாலும் இல்லையா? என்ன கூத்து இது!

"ஏனுங்க, குழந்தை இல்லாட்டி உங்க செவுத்துக்கு நல்லதுதானுங்களே?" என்றாள் ரூபினா.

"செவுறு கெடக்குது அம்மணி! இளசுக எல்லாம் திருப்பூரு, பெங்களூருன்னு போயிருச்சு. நம்ம ஊருப் பள்ளிக்கூடத்துல மொத்தமே ஆறு பசங்க. பத்துப் பேரு இல்லாட்டி இழுத்து மூடிப்போடுவாங்கன்னு பேச்சு. அதான், பிள்ளைகுட்டிக்காரங்களுக்குப் பாதி வாடகைக்குத் தாரேன். பசங்கள இங்கயே சேர்க்கோணும், அவ்வளவுதான்."

ரூபினா ஒரே ஓட்டமாக வாசலுக்கு ஓடினாள். "சுஃப்யான்! அஃப்ஷீன்! சமீரா! எல்லாரும் ஓடியாங்க!"

மூணும் புழுதி பறக்க வந்து நின்றன.

"எங்க பிள்ளைங்கதானுங்க. பொய் சொல்லிப்போட்டோம், மன்னிச்சுக்கோங்க" என்று சாஜித் தலையைச் சொறிந்தான்.

"அடி கள்ளி! உன்ற புருசன் புளுகுனதுக்கு நான் டாக்டரம்மாவைத் தேடிட்டு இருக்கறேன்!" என்று நஞ்சம்மாள் ரூபினாவின் காதைத் திருகினாள்.

தம்பிதுரைக்குக் கோபமாவது ஒண்ணாவது! வாயெல்லாம் பல்லாக, சாவியைக் கொண்டுவந்து ரூபினாவின் கையில் வைத்தார். அவளுக்கு அங்கேயே ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது.

திடீரென்று அவர் விரல் விட்டு எண்ணினார். "ஆறும் மூணும் ஒம்போது. அட, ஒண்ணு குறையுதே! உங்க சொந்தத்துல யாராச்சும் ஊடு தேடறாங்களா?"

"கேக்கறேனுங்க. கவர்மென்ட் பள்ளிக்கூடம்னா கொஞ்சம் யோசிப்பாங்க" என்றான் சாஜித்.

"இதுல யோசிக்க என்னங்க இருக்குது? டீச்சரம்மா தங்கம்! படிப்பும் சுத்தம்! நம்ம ஊருப் பள்ளிக்கூடத்த நாமளே மதிக்காட்டி வேற எவன் மதிப்பான்?"

வாசலில் மஞ்சள் வேன் ஒன்று ஹாரன் அடித்து நின்றது. பக்கவாட்டில் உடுமலை இங்கிலீஷ் மீடியம் பள்ளியின் பேர். டையும் ஷூவுமாக ஏழு வயசுப் பெண் ஒன்று குதித்து இறங்கி, "அப்பாரு!" என்று ஓடி வந்து தம்பிதுரையின் காலைக் கட்டிக்கொண்டது.

"எங்க பேத்தி வர்ஷினி" என்றாள் நஞ்சம்மாள் பெருமையாக.

சாஜித் கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றான். ரூபினா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சொல்லியே விட்டாள்.

"ஏனுங்க, உங்க பத்தாவது ஆளு வேன்ல வந்து எறங்கிருச்சுங்களே!"