ஒரு கிண்ணம் சாட்சி

“தண்ணி தானா மேல ஏறுமாம், தானா வெளிய குதிக்குமாம், தானா கீழ இறங்குமாம். இவருக்குச் சோறு மட்டும் நான் போடணும்!”

மனைவி சமையலறையிலிருந்து போட்ட சத்தம் கீழ்வீடு வரை கேட்டிருக்கும். கணவர் காதில் மட்டும் விழவில்லை.

வளைந்த பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனை மீன் தொட்டிக்குள் இருந்தது, மறு முனை வெளியே மாட்டிய டப்பாவில். குழாயிலிருந்த காற்றை அவர் வாயால் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

கடல் மீன் வளர்க்கிற உப்புத் தண்ணீர்த் தொட்டி அது. தண்ணீர் கீழே உள்ள வடிகட்டிக்கு இறங்க வேண்டும், அங்கிருந்து மோட்டார் பின்பக்கக் குழாய் வழியாகத் திருப்பி மேலே அனுப்பும். கண்ணாடியில் ஓட்டை போட்டால் உடைந்துவிடுமே என்று, விளிம்பைத் தாண்டி ஏறி இறங்க இந்தக் குழாய். கடையில் விற்பதை வாங்கினால் என்ன என்று யாராவது கேட்டால், “கைக்கு வேலை வேணாமா?” என்பார்.

வேண்டும்தான். வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடியதிலிருந்து அந்தக் கை சும்மாதான் கிடந்தது. வாயும்தான். நாளெல்லாம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த மனுஷர், மீன் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். திறந்தால் தண்ணீரைத் தவிர வேறு பேச்சில்லை என்பது வேறு விஷயம்.

“ஓடுது! ஓடுது! இங்க வாயேன்!”

மனைவி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

“கரண்ட் போனா அளவோட நின்னுடும். வந்தா தானா ஓடும். இதுதான் சூட்சுமம்” என்றார், முகமெல்லாம் பல்லாக.

“ஒரு நாள் ஒழுகும், பாருங்க. அன்னிக்கு இந்தத் தொட்டியை நானே தூக்கி வெளிய வைக்கிறேன்.”

இந்த வசனம் தினமும் வந்தது. சொல்லிச் சொல்லி ஒரு நாள் பலித்தும்விட்டது.

அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர், கையில் கிண்ணத்தோடு நின்றார்.

“என் பெட்ரூம் கூரையிலேர்ந்து சொட்டுது சார். பிடிச்சுக் கொண்டு வந்திருக்கேன். உங்க தொட்டித் தண்ணிதான்.”

“இருக்கவே முடியாது சார்!” கணவர் தொட்டியின் முன்பக்கத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். துணி காய்ந்தே இருந்தது.

“முன்பக்கம் சரி. பின்பக்கம்?”

பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது. நிறைந்த தொட்டியை ஊரே கூடி வந்தாலும் நகர்த்த முடியாது.

“உப்பு அளக்கற மீட்டர் இருக்கு. அதுல விட்டுப் பாப்போமா?”

“உங்க மீட்டர் உங்க கட்சிதான் பேசும் சார். ஒரே பேச்சு. தண்ணி கரிச்சா தொட்டி இன்னிக்கே வெளிய போகணும். கரிக்கலேன்னா நான் பிளம்பரைக் கூப்பிடறேன்.”

“அப்ப நீங்களே நாக்குல வெச்சுப் பாருங்களேன்.”

“எனக்கு பிரஷர். உப்புப் பக்கமே போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.” ஓனரின் பார்வை சமையலறைப் பக்கம் போனது. “அம்மா, நீங்க பாருங்க. நீங்க சொன்னா நான் நம்பறேன். தினம் உங்க குரல் கீழ கேக்குதே! இந்தத் தொட்டிக்கு உங்களைவிட எதிரி யாரு?”

பாலுக்குப் பூனை காவல் என்பார்கள். இங்கே மீனுக்கு! கணவர் மெதுவாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.

“என்னம்மா?”

“சரியாத் தெரியல சார்.”

ஒரு வாய் குடித்தாள்.

“இப்ப?”

“இருங்க சார். அவசரப்பட்டுச் சொல்லிட்டா பாவம் இல்லியா?”

கிண்ணத்தை அண்ணாந்து காலி செய்தாள். புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“உப்பும் இல்ல, சப்பும் இல்ல. வெறும் பைப்புத் தண்ணி.”

எதிரியே சொன்ன பிறகு அப்பீல் ஏது? ஓனர் தலையைச் சொறிந்தார்.

“அப்ப எங்க குழாய்தான் போலிருக்கு. தப்பா நினைச்சுக்காதீங்க சார்.”

“பிளம்பரை நாளைக்குக் கூப்பிடுங்க சார். அதுக்குள்ள தானா நின்னாலும் நின்னுடும்” என்று காலிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

கதவு சாத்தியதுதான் தாமதம், கணவர் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்.

“பாத்தியா? என் கணக்கு தப்பாது! ஒழுகும் ஒழுகும்னு தினம் என்னைக் கரிச்சுக் கொட்டினியே, கடைசியில உன் நாக்கே எனக்குச் சாட்சி சொல்லிடுச்சு பாரு! கடையில வாங்கியிருந்தா இந்நேரம் கீழ்வீடே மிதந்திருக்கும். என்ன, பேச்சையே காணோம்?”

மனைவி சமையலறையில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். இன்னொன்று குடித்தாள். அப்புறம் டம்ளரை வைத்துவிட்டுச் சொம்பையே தூக்கிவிட்டாள்.

“ஒரு உண்மையைச் சொன்னதுக்கா இவ்வளவு தாகம்?” கணவர் சிரித்தார்.

சொம்பைக் கீழே வைத்து மூச்சு வாங்கினாள்.

“முதல்ல போய் மோட்டாரை நிறுத்திட்டு அந்தப் பின்பக்கக் குழாயை அடைங்க. உப்பைத் தின்னவன் தண்ணி குடிப்பான்னு சொல்வாங்க. இந்த வீட்ல உப்பைக் கரைச்சது நீங்க, தண்ணி குடிக்கிறது நான்!”