மலாயா முத்திரை

அரியாலைக்குத் தபால்காரன் வரும் நேரமெல்லாம் வைத்திலிங்கம் வேலிப் படலையடியில் நிற்பான். ஆங்கில ஆசிரியர் பரீட்சையில் புதிதாகத் தேறியிருந்த அவன், மலாயாவில் ஈப்போவிலுள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டு எழுதியிருந்தான்.

பதில் வந்து இரண்டு மாதமாகிவிட்டது. அவன் சந்தைக்குப் போயிருந்த நாளில் அதை வாங்கிய மனைவி சின்னத்தங்கம், றங்குப்பெட்டியில் கூறைச் சேலைக்கடியில் ஒளித்துவிட்டாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது; உறையில் ஒட்டியிருந்த மலாயா முத்திரை தெரியும். அவளுடைய அத்தான் அங்கே உத்தியோகத்துக்குப் போய் ஒன்பது வருஷம். அக்கா இன்னும் தனியாகத்தான் இருக்கிறாள்.

அன்று வைத்திலிங்கம் சோற்றைத் தொடாமல் எழுந்தான்.

"எனக்குப் படிப்பிக்கத் தகுதியில்லையெண்டு நினைச்சிட்டினம் போல. இனி ஒரு இடத்துக்கும் எழுதமாட்டன்."

சின்னத்தங்கத்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. கடிதத்தை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"நான்தான் ஒளிச்சு வைச்சனான். என்னை விட்டிட்டுப் போயிடுவியளெண்டு பயந்திட்டன். ஏசுங்கோ."

அவன் ஏசவில்லை. உறையைக் கிழித்து வாசித்தான்.

"வேலை தந்திருக்கினமோ?"

"ஓம். பங்குனி முடியமுன்னம் பதில் போடட்டாம்."

சித்திரை பிறந்து பத்து நாளாகியிருந்தது. சின்னத்தங்கம் தலை குனிந்தாள்.

"இருக்க வீடும் தருவினமாம்," என்றான் அவன். "கப்பலுக்கு இரண்டு ரிக்கற்றும் அனுப்புவினமாம்."

"இரண்டோ? மற்றது ஆருக்கு?"

அவன் கடிதத்தை மெதுவாக மடித்தான்.

"உம்மையும் கூட்டிக்கொண்டு வர விட்டால்தான் வருவன் எண்டு எழுதினனான். சரிவந்தாப் பிறகு உமக்குச் சொல்லுவமெண்டு இருந்தன்."