நெற்றியில் ஒரு முத்தம்

"கொழந்தய பெரியவ கையில குடுக்காத" என்று மாமியார் காலையிலேயே ஆனந்தமேரியிடம் சொல்லிவைத்திருந்தாள். பெரியவள், அவளுடைய கூடப்பிறந்த அக்கா ஞானமேரி. உப்பளத்து ஊரில் ஒரே வீட்டு அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள் இருவரும். அக்காவின் ஒரே மகன் லூயிஸ், ஏழு வயதுவரை இருமிக்கொண்டே இருந்து, போன வருஷம் இறந்துபோனான்.

கோயிலில் குழந்தைக்கு ஞானஸ்நானம் முடிந்து வீடு வந்ததும் ஞானமேரி எதிரே வந்து நின்றாள்.

"கொழந்தய குடு."

"தூங்குறான்க்கா."

"தூங்கட்டும். ஒரு முத்தம் குடுத்துட்டுப் போறேன்."

"பறிகுடுத்தவ கண்ணு பொல்லாதது, தராதடி!" என்று உள்ளிருந்து மாமியார் கத்தினாள்.

ஞானமேரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிடுங்காத குறையாகக் குழந்தையை வாங்கி, வியர்த்திருந்த நெற்றியில் முத்தமிட்டாள். பிறகு நாக்கால் தன் உதட்டைத் தடவிப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"உப்புக் கரிக்குதுடி. லூயிசும் இப்படித்தான் கரிச்சான்."

"வெயில்க்கா..."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். அப்பன்கிட்டருந்து ஒரு பழுது, ஆத்தாகிட்டருந்து ஒரு பழுது, ரெண்டும் சேந்தாதான் இந்த நோவு வருமாம். கடைசி வருஷந்தான் டாக்டர் சொன்னாரு. நாம ஒரு வயித்துல பொறந்தவங்க, அவங்களும் ஒரு வயித்துல பொறந்தவங்க. இவனுக்கும் இருக்குமோன்னுதான் பாக்க வந்தேன்."

ஆனந்தமேரிக்குக் கண் நிறைந்தது.

"அழுவாத. எனக்கு ஆறு வருஷம் கழிச்சுத் தெரிஞ்சுது, உனக்கு ரெண்டாம் மாசமே தெரிஞ்சுபோச்சு. முதுவுல தட்டித் தட்டி சளிய எடுக்க எனக்குத் தெரியும். இவன விடமாட்டேன். கெளம்பு, ஆஸ்பத்திரிக்கு."

குழந்தை அவள் தோளிலேயே இருந்தது. வெளியே வந்த மாமியார், குடையை எடுத்து ஞானமேரியிடம் நீட்டினாள்.