குருவியின் முகம்

நாலாவது தடவையும் இசைத்தட்டின் அட்டைப்படம் திரும்பி வந்துவிட்டது. முதல் மூன்று தடவை "இது நான் இல்லை" என்று எழுதி அனுப்பிய பியானோக் கலைஞர், இந்தத் தடவை ஓரத்தில் பென்சிலால் "இது யார்?" என்று கேட்டிருந்தார்.

டிசைனர் அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அதைக் கத்தரித்து, மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டினார்.

"பாத்தியா, தன்னைத் தானே கேட்டுக்கறார். இப்பதான் ஆள் வழிக்கு வந்திருக்கார்," என்றார் மனைவியிடம்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். இசைத்தட்டுக் கம்பெனி அனுப்பிய பதிவு பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு கிடையாது, வெறும் பியானோ. ஒரு வாரமாக அதைக் கேட்பது அவள் ஒருத்திதான்.

"நீங்களும் ஒரு தடவை உக்காந்து கேட்டுட்டு அட்டை போடக் கூடாதா?"

"முகம் போதும். இருபது வருஷமா முகத்தைப் பாத்தே ஆளைச் சொல்றவன் நான்."

அந்த முகம் கிடைத்த விதத்தில் அவருக்குப் பெருமை உண்டு. பியானோக் கலைஞரை எல்லோரும் குருவி என்றுதான் அழைப்பார்கள். கூச்ச சுபாவம். பத்திரிகையில்கூடப் படம் வந்ததில்லை. "பதினோரு மணிக்கு ரெண்டாவது மாடி ரெக்கார்டிங் ரூமுக்கு வருவாங்க. அப்ப போய் எடுத்துக்குங்க," என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

சொன்ன நேரத்துக்குப் போனால் தலைசீவிய முகம்தான் கிடைக்கும் என்பது டிசைனரின் கட்சி. அதனால் பத்து மணிக்கே போய், கதவிடுக்கில் காமிராவை நீட்டினார்.

உள்ளே ஒடிசலான ஒருவர், சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு, பியானோவில் ஒரே கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவார், ஓசை அடங்கும்வரை கண்ணை மூடிக் காத்திருப்பார், மறுபடி அதையே தட்டுவார். அடுத்த கட்டைக்குப் போக அவருக்கு மனசே வரவில்லை. டிசைனருக்குப் புல்லரித்துவிட்டது. ஆறு படம் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி மாடியிறங்கி வீடு வந்து சேர்ந்தார்.

முதல் அட்டையைக் கறுப்பு வெள்ளையில் போட்டார். திரும்பி வந்தது. இருட்டு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அடுத்ததை மஞ்சளாக்கினார். மூன்றாவதில் பாதி முகத்தை நிழலில் மறைத்தார். அதற்கு "இது நான் இல்லவே இல்லை" என்று பதில் வந்தது. 'இல்லவே' என்கிற சொல்லில் ஒரு நெருக்கம் தெரிகிறது என்று சொல்லி, நாலாவதில் முகத்தை அட்டை முழுக்கப் பெரிதாக்கியிருந்தார்.

மத்தியானம் மேனேஜர் போன் பண்ணினார்.

"காலையில அச்சுக்குப் போயாகணும். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன். போன ஆல்பத்துல புல்லாங்குழலுக்கு நீங்க ஒரு மலையைப் போட்டீங்க. கடைக்காரங்க டீத்தூள் அலமாரியில கொண்டு போய் வச்சாங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"சாயங்காலம் அவங்களே நேர்ல வராங்க. பேசி முடிச்சிடுங்க."

நாலு மணிக்கு அழைப்புமணி அடித்தது. வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், தோளில் துணிப்பையுடன் நின்றார். டிசைனர் அவருக்குப் பின்னால் மாடிப்படியை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"வாங்கம்மா. அவர் வரலியா?"

"நான் மட்டும்தான் வந்தேன்," என்றார் அந்த அம்மாள்.

இதுவும் நல்லதுதான் என்று டிசைனருக்குத் தோன்றியது. கலைஞர்களிடம் பேசுவதைவிட அவர்கள் வீட்டுக்காரிகளிடம் பேசினால் காரியம் சீக்கிரம் நடக்கும். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, நாலு அட்டைகளையும் மேஜைமேல் பரப்பினார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. இந்த முகத்துல என்ன குறை?"

அந்த அம்மாள் ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்த்தார். "குறை ஒண்ணுமில்ல. நல்ல முகம்."

"எவ்வளவு தனிமை பாருங்க. ஒரு ஓசைக்காக உசிரைக் கொடுக்கற முகம். வாசிப்பைக் கேக்கவே வேண்டாம், இந்த முகமே சொல்லிடும்."

"நீங்க வாசிப்பைக் கேக்கலியா?"

"நேரமில்லம்மா."

காபி கொண்டுவந்த மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டாள். பக்கத்து அறையில் பியானோ ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியின் கைப்பிடியில் அந்த அம்மாளின் விரல்கள் அதோடு கூடவே நடந்துகொண்டிருந்தன. சில இடங்களில் அரை நொடி முன்னாலேயே போய் நின்றன.

"ஏங்க, ஒரு நிமிஷம்," என்றாள் மனைவி.

"இரு, பேசிட்டிருக்கேன்ல." டிசைனரின் குரல் இறங்கிவிட்டது. "மறைச்சுப் பிரயோஜனமில்லம்மா. இதையும் கோட்டை விட்டா எனக்கு அப்புறம் வேலை தர ஆளில்ல. வீட்டுக்காரர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேக்க மாட்டாரா?"

"இவர் என் வீட்டுக்காரர் இல்லீங்களே."

"மன்னிச்சுக்குங்க. அண்ணனா?"

அந்த அம்மாள் அட்டையைக் கீழே வைத்தார். டிசைனர் மனசு நோகாமல் எப்படிச் சொல்வது என்று யோசிப்பவர்போல நாலு அட்டைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"எனக்கும் யாருன்னு தெரியல. நேத்துதான் ஸ்டுடியோவுல விசாரிச்சேன். அன்னிக்கு நான் வாசிக்க வர்றதுக்கு முன்னாடி, பியானோவுக்குச் சுருதி சேர்க்க வந்தவராம்."