ஓட்டு வெளிச்சம்

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்த தம்பி உலகநாதன், "உன் மூஞ்சியப் பாத்து வருசமாச்சு, ஒரு படம் புடிச்சி அனுப்புக்கா" என்று எழுதி, பெட்டிக் கேமரா ஒன்றும் அனுப்பியிருந்தான். பாகூரில் தையலம்மாள் தனியாக இருந்தாள். அவளைப் படமெடுக்க வீட்டில் யாருமில்லை. அதனால் கூரை ஓட்டுப் பொத்தல்கள் வழியே தரையில் விழும் வெளிச்ச வட்டங்களை எடுத்தாள். அவை நீள்வதை, ஒன்றோடொன்று கலப்பதை, சுவரேறி மங்குவதை எடுத்தாள். வேறெதையும் எடுக்கவில்லை.

புதுச்சேரியில் ஸ்டூடியோக்காரர் கழுவிய படங்களைப் பரப்பினார்.

"இன்னாம்மா, எல்லாம் வட்டமும் கோடுமா இருக்கு? இது ஒண்ணுதான் படம்."

அந்தக் கடைசிப் படத்தில் தையலம்மாள் இருந்தாள். வெளிச்ச வட்டங்களுக்கு நடுவே, வெறுந்தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆனா எடுத்தவங்க கை ஆடிப்போச்சு. மூஞ்சியே தெரியல, பாருங்க."

அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு புது பிலிம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

மறுநாள் உச்சி வெயிலில் தலைவாரி, நல்ல புடவை உடுத்தினாள். கேமராவை எதிரே முக்காலியில் வைத்துவிட்டு, வட்டங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் அவள் வாய்விட்டுப் பேசி வெகுகாலமாகியிருந்தது.

"இந்த வாட்டி கை ஆடாம புடி" என்று சொல்லிவிட்டு, தம்பிக்காகச் சிரித்தாள்.